கையில் எடுத்துப் பழகிய பிறகு கருத்து ஏன் மாறுகிறது?

கோடாரிக்கை

ராட்சத விலங்குகளை வேட்டையாடும் வீடியோ கேமான மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்ட் 2018-இல் வந்தபோது, லாங் ஸ்வோர்டு என்ற நீள வாளைக் கையில் எடுத்தவன், அதைக் கீழே வைக்கவே இல்லை. அந்த விளையாட்டில் மொத்தம் 14 வகை ஆயுதங்கள். அதில் நாலைத்தான் தொட்டுப் பார்த்திருப்பேன். சார்ஜ் பிளேடைப் பற்றி யார் கேட்டாலும், "வாளும் கோடாரியும் ஒட்டிய ஒன்று, இரண்டுமே அரைகுறை, தேவையில்லாத சிக்கல்" என்று சொல்லிவிடுவேன். பயிற்சித் திடலில் பத்து நிமிடம் சுழற்றிப் பார்த்ததுதான் அந்த ஆயுதத்தோடு எனக்கு இருந்த மொத்தப் பழக்கம். ஆனாலும் தீர்ப்பு சொல்ல நான் தயங்கியதே இல்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு நண்பன், "நாற்பது வேட்டை அதோடு போய்விட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றான். போனேன். முதல் பத்து வேட்டை கொடுமை. வாளால் அடித்து ஆற்றல் சேர்க்க வேண்டும், அதைக் குப்பிகளில் ஏற்ற வேண்டும், ஏற்றியதைக் கேடயத்துக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் கோடாரி முழு வேகத்தில் வேலை செய்யும். ஏற்ற மறந்து அடித்துக்கொண்டே போனால் வாள் சூடேறி, விலங்கின் மேல் பட்டுத் தெறித்துத் திரும்பும். எனக்கு எப்போதும் தெறித்தது.

ஏறக்குறைய இருபத்தைந்தாவது வேட்டையில் ஒரு விஷயம் நடந்தது. கோடாரியிலிருந்து வாளுக்கு மாறும் அசைவில், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கேடயம் முன்னால் வரும். அந்த நேரத்தில் அடி விழுந்தால் அது தானாகத் தடுத்துவிடும். இது எனக்கு முன்பே தெரியும், எங்கோ படித்திருக்கிறேன். அன்றைக்கு விலங்கு பாய்ந்து வரும்போது என் விரல் தானாக அந்தப் பொத்தானை அழுத்தியது. கேடயத்தில் பட்டு ஒரு சத்தம், அதே அசைவிலிருந்து குப்பிகள் எல்லாம் வெடிக்கும் கோடாரி வீச்சு. விலங்கு விழுந்தது. எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது என்னிடம் கேட்டால், 14 ஆயுதங்களில் மிக அழகாகச் செய்யப்பட்டது சார்ஜ் பிளேடுதான் என்பேன். ஆனால் அந்த ஆயுதத்தில் ஒரு எண் கூட மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

அதனால் என் கேள்வி இதுதான். எனக்கு இப்போது வந்திருக்கும் கருத்து அந்த ஆயுதத்தைப் பற்றியதா, அல்லது அதில் நான் கொட்டிய உழைப்பைப் பற்றியதா? விளையாட்டில் எந்த அம்சமாக இருந்தாலும் சரி, ஆயுதம், கேரக்டர், கார்டு, விதி, பயன்படுத்தியவர் சொல்வதை நம்புவதா, வெளியே நின்று பார்ப்பவர் சொல்வதை நம்புவதா?

---

தூரப்பார்வை

உளவியலில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும், பிரித்துப் பார்க்கலாம்.

ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டியது மிக எளியது. பொருள் தெரியாத சொற்கள், எழுத்துகள், முகங்கள் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள், அதிகம் பார்த்ததையே அதிகம் விரும்பினார்கள். அங்கே உழைப்பும் இல்லை, வெற்றியும் இல்லை. வெறுமனே கண்ணில் பட்டதுதான். உங்கள் நாற்பது வேட்டையில் இதன் பங்கு கொஞ்சம் இருக்கும்.

இரண்டாவது, உடைமை. கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட கோப்பைச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சாதாரணக் கோப்பையைக் கையில் கொடுத்து "விற்பதானால் என்ன விலை" என்று கேட்டால், கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்த விலையைப் போல் சுமார் இரண்டு மடங்கு கேட்டார்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தது.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கம். நார்ட்டன், மோச்சன், ஏரியலி 2012-இல் வெளியிட்டது. தாங்களே மடித்த காகித உருவங்களை, தேர்ந்தவர்கள் மடித்ததற்குக் கிட்டத்தட்டச் சமமாக மதித்தார்கள். ஆனால் அதில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. வேலையை முடிக்க முடியாதவர்களிடம் இந்தப் பாசம் வரவில்லை. கட்டியதைக் கண்முன் பிரித்துப் போட்டாலும் போய்விட்டது. உழைத்தால் மட்டும் போதாது, உழைப்பு கைகூட வேண்டும்.

இப்போது உங்கள் பதிவைத் திரும்பப் படியுங்கள். முதல் பத்து வேட்டையிலும் உழைத்தீர்கள், வெறுப்புதான் வந்தது. இருபத்தைந்தாவதில் கைகூடியது, கருத்து திரும்பியது. இருபதில் நிறுத்தியிருந்தால், நீங்களும் "நான் இருபது வேட்டை போய்ப் பார்த்துவிட்டேன், குப்பை" என்று எழுதியிருப்பீர்கள்.

---

சீட்டுக்கட்டு

கோடாரிக்கை அண்ணா, உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. பயன்படுத்துவது பாசத்தை மட்டும் கொடுப்பதில்லை, கண்ணையும் திறக்கிறது. அதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் டொமினியனில் இருக்கும் சாப்பல் கார்டு.

டொமினியன் 2008-இல் வந்த கார்டு விளையாட்டு. எல்லோரும் ஒரே மாதிரி 10 கார்டோடு தொடங்குவார்கள்: 7 காப்பர் (சிறு காசு), 3 எஸ்டேட் (கடைசியில் வெற்றிப்புள்ளி தரும், ஆட்டத்தின் நடுவில் எதற்கும் உதவாது). ஒவ்வொரு முறையும் 5 கார்டு கைக்கு வரும். கார்டு வாங்கி வாங்கி உங்கள் கட்டைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். சாப்பல் விலை 2 காசு. அது செய்வது ஒரே வேலை: கையில் இருப்பதில் 4 கார்டு வரை எடுத்து நிரந்தரமாக வெளியே போடலாம்.

புதிதாக விளையாடுபவர் யாரும் அதை வாங்க மாட்டார். சேர்க்கும் விளையாட்டில், சேர்த்ததைத் தூக்கி எறியச் சொல்லும் கார்டு எதற்கு? அதுவும் காப்பர் காசு ஆயிற்றே, காசை யார் எறிவார்கள்? எனக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்த அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவே இல்லை. "அடுத்த மூன்று ஆட்டமும் முதல் வாங்கலிலேயே இதை வாங்கு, கையில் வரும்போதெல்லாம் நாலு நாலாகப் போடு" என்றார்.

முதல் ஆட்டத்தில் எஸ்டேட்டுகளை எறிந்தபோது சரி என்று இருந்தது. காப்பர்களை எறியும்போது மனசே வரவில்லை. ஒரு கட்டத்தில் என் மொத்தக் கட்டும் ஆறேழு கார்டுதான். பயந்துவிட்டேன். அப்புறம் பெரிய காசான கோல்டு ஒன்று வாங்கினேன். அடுத்த முறையே அது கைக்கு வந்தது. அதற்கு அடுத்த முறையும் வந்தது. எதிரில் இருந்தவர் வாங்கிய கோல்டு, முப்பது கார்டுக்கு நடுவே எங்கோ புதைந்து கிடந்தது. கார்டு குறைந்தால் நல்ல கார்டு சீக்கிரம் திரும்பும் என்பதைச் சொல்லிக் கேட்டால் "ஆமாம்" என்று தலையாட்டலாம். ஒரே கோல்டு மூன்றாவது முறையாகக் கையில் வந்து உட்காரும்போதுதான் அது உறைக்கும்.

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுபவர்களுக்கு நெக்ரோபொட்டன்ஸ் கார்டு நினைவிருக்கும். 1995-இல் ஐஸ் ஏஜ் தொகுப்பில் வந்தது. சொந்த உயிர்ப்புள்ளியைக் கொடுத்துக் கார்டு வாங்க வேண்டும், வழக்கமாகக் கார்டு எடுக்கும் கட்டமும் போய்விடும். படித்தவர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1996-இல் போட்டிகளையே அது ஆட்டிப்படைத்தது. உயிர்ப்புள்ளி என்பது காப்பாற்ற வேண்டியது என்று நினைத்திருந்தவர்கள், அது செலவழிக்க வேண்டியது என்று அந்தக் கார்டைக் கையாண்டுதான் கற்றார்கள். இதைப் பாசம் என்று சொல்ல முடியாது. அவர்கள் வென்றார்கள்.

அதனால் நான் பிரிப்பது இப்படி. பழகியதால் பிடித்துப்போவது ஒன்று, பழகியதால் புரிந்துபோவது இன்னொன்று. உங்கள் கேடயம் தடுத்த அந்த நொடி இரண்டாவது வகை.

---

எதிர்முனை

நல்ல பதிவுகள், ஆனால் எல்லோரும் ஒரு ஓட்டையைத் தாண்டிப் போகிறீர்கள். பயன்படுத்தியதால் பிடித்ததா, பிடித்ததால் தொடர்ந்து பயன்படுத்தினார்களா?

ஒரு கடினமான கேரக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் தொடுகிறார்கள், தொண்ணூறு பேர் இரண்டு ஆட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். மிச்சம் பத்துப் பேர் ஐந்நூறு மணி நேரம் ஆடுகிறார்கள். அவர்களைக் கேட்டால் "ஆடிப் பாருங்கள், பிடித்துப்போகும்" என்பார்கள். அவர்களுக்குப் பிடித்தது உண்மைதான். விட்டுப்போன தொண்ணூறு பேர் இங்கே வந்து எழுதுவதில்லை, அவ்வளவுதான். இதே காரணத்தால்தான் அப்படிப்பட்ட கேரக்டர்களின் வெற்றி விகிதமும் உயர்ந்து தெரியும். அதை எடுப்பவர்கள் அதிலேயே ஊறியவர்கள்.

இன்னொன்று. சண்டை விளையாட்டோ குழு விளையாட்டோ, ஒரு கேரக்டரை மெயினாக, அதாவது எப்போதும் ஆடும் கேரக்டராக வைத்திருப்பவர் அதைப் பலவீனம் என்பார். எதிரே ஆடுபவர் அதை நெர்ஃப் செய்ய, அதாவது பலத்தைக் குறைக்கச் சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. மெயின் ஆடுபவர், தன் நகர்வு பலிக்காமல் போன ஒவ்வொரு முறையையும் பார்க்கிறார்: தப்பிய அடி, சேராத ஆற்றல், தனியாக மாட்டிக்கொண்ட நேரம். எதிரே இருப்பவருக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை. தான் செத்த முறைகள்தான் அவருக்கு நினைவிருக்கும். ஒரே ஆட்டம், இருவரிடம் இருக்கும் சான்றுகள் வேறு.

ஆக, பயன்படுத்தியவர் கருத்து நம்பகமானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அவருக்குக் குறைகள் மிக நன்றாகத் தெரியும், பலம் தெரியாது. பலம் தெரிய அவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும்.

---

கோடாரிக்கை

எதிர்முனை, இது எனக்கு உறைத்தது. நான் இருபதாவது வேட்டையில் விடாததற்குக் காரணம் நண்பனுக்குக் கொடுத்த வாக்குதான். எனக்குள் ஆர்வம் எதுவும் இல்லை. அந்த வாக்கு இல்லாவிட்டால் நானும் உங்கள் தொண்ணூறு பேரில் ஒருவன்.

அப்படியானால் கட்டாயமாகப் பயன்படுத்த வைக்கும் சூழல்களைப் பார்த்தால் விடை கிடைக்கலாம் இல்லையா? தானாகத் தேர்ந்தெடுத்தவர்களை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்தவர்களின் கருத்து எப்படி மாறுகிறது என்று?

---

இலைநிழல்

கட்டாயம் என்றால் போக்கிமானில் நஸ்லாக் விதி இருக்கிறதே. 2010-இல் ஒரு ரசிகர் வரைந்த சித்திரக்கதையிலிருந்து பரவியது. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் போக்கிமானை மட்டும்தான் பிடிக்கலாம். அது ஒருமுறை மயங்கி விழுந்தால் இறந்ததாகக் கணக்கு, திரும்ப எடுக்கக் கூடாது. பலர் எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பதையும் விதியாக வைத்திருக்கிறார்கள்.

வழக்கமாக ஆடும்போது குகைக்குள் ஸூபாட் என்ற வௌவால் போக்கிமான் வந்தால் எரிச்சல்தான் வரும். நாலு அடி வைத்தால் ஒன்று, தப்பித்து ஓடினால் இன்னொன்று. பல வருடம் ஆடியும் நான் ஒரு ஸூபாட்டை வளர்த்ததே இல்லை. நஸ்லாக்கில் குகையில் முதலில் வந்தது அதுதான், வேறு வழியில்லை. "சாம்பல்" என்று பெயர் வைத்தேன். தொடக்கத்தில் அதன் தாக்குதல் எதற்கும் உதவாது. என் அணியில் இருந்த நல்ல நல்லவை ஒவ்வொன்றாக விழுந்தன. சாம்பல் விழவில்லை. வேகம் அதிகம், முதல் அடி அதனுடையது, குழப்பும் தாக்குதல் ஒன்று கற்றுக்கொண்டது. கோல்பாட்டாக மாறியது. அப்புறம் குரோபாட் ஆயிற்று. குரோபாட் ஆவதற்கு அது தன் பயிற்சியாளரோடு நன்றாக நெருங்கியிருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. திரையில் அது மாறியபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இறுதிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு சண்டையில் நான் செய்த தவறால் சாம்பல் போனது. கன்ட்ரோலரை வைத்துவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் ஆடவில்லை.

நான் தேர்ந்தெடுத்தது இல்லை அது. என்மேல் திணிக்கப்பட்டது. இப்போது எந்தப் பதிப்பைத் தொடங்கினாலும் முதல் குகையில் நின்று ஒரு ஸூபாட்டைத் தேடுகிறேன். எதிர்முனை கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

---

வெள்ளைக்குதிரை

கணினி விளையாட்டுக்கு முன்பே இருந்த விளையாட்டுகளிலும் இதே கதை உண்டு. அங்கே பாசத்துக்கு இடம் குறைவு என்பதால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சதுரங்கத்தில் கிங்ஸ் கேம்பிட் என்றொரு தொடக்க ஆட்டம். 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி அதை ஆடி பாபி ஃபிஷரைத் தோற்கடித்தார். மறு வருடம் ஃபிஷர் ஒரு கட்டுரை எழுதி, அந்தத் தொடக்கமே வெள்ளைக்குத் தோல்விதான் என்றார். ஆனால் 1963-இல் அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அவரே வெள்ளைக் காய்களோடு கிங்ஸ் கேம்பிட் ஆடி வென்றார். ஒரு வேறுபாடு: கட்டுரையில் அவர் கண்டித்தது மூன்றாவது நகர்வில் குதிரையைக் கிளப்பும் வழியை. தான் ஆடியபோது பிஷப்பைக் கிளப்பினார். "இது வேலைக்காகாது" என்று மொத்தமாகத் தள்ளியவர், கையில் எடுத்தபோது அதன் ஒரு கிளை வேலைக்காகும் என்று கண்டார். வெளியே நிற்பவர் ஒரு தொடக்கத்தை ஒற்றைப் பொருளாகப் பார்ப்பார். ஆடுபவருக்கு அது பத்துக் கிளையாகத் தெரியும்.

அடுத்து பெர்லின் தற்காப்பு, கறுப்புக் காய்களுக்கான ஒரு தொடக்கம். 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் கிராம்னிக் அதை காஸ்பரோவுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப ஆடினார். சீக்கிரமே ராணிகள் வெட்டுப்படும், கறுப்பு கோட்டை கட்டும் உரிமையை இழக்கும், பார்க்க அழகே இருக்காது. காஸ்பரோவால் அந்தப் போட்டியின் 15 ஆட்டங்களில் ஒன்றில் கூட வெல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு முன்னணி வீரர்கள் பலரும் அதை எடுத்தார்கள். பெர்லின் அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, நூறு வருடத்துக்கு மேல் பழசு.

பலகையில் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ விளையாட்டில் இன்னும் வியப்பு. எதிராளி மூலையில் ஒரு கல் வைத்திருக்கும்போது, தொடக்கத்திலேயே 3-3 புள்ளியில் (இரண்டு ஓரங்களிலிருந்தும் மூன்றாவது கோடு) நுழைவது மோசமான ஆட்டம் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். மூலை கிடைக்கும், ஆனால் வெளியே முழு பலமும் எதிராளிக்குப் போய்விடும் என்பது காரணம். 2016 மார்ச்சில் ஆல்பாகோ என்ற கணினி நிரல், முன்னணி வீரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. அதன் அடுத்த பதிப்பு 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் இணையத்தில் முன்னணி வீரர்களோடு 60 ஆட்டம் ஆடி 60-லும் வென்றது. அந்த ஆட்டங்களில் இந்த நுழைவு இருந்தது. இன்றைக்குத் தொழில்முறை வீரர்கள் சாதாரணமாக ஆடுகிறார்கள்.

எத்தனை தலைமுறை அந்த நகர்வை ஆடாமலேயே மோசம் என்று முடிவு கட்டியிருக்கும்? மோசம் என்று சொல்லிக்கொடுத்ததால் யாரும் ஆடவில்லை. யாரும் ஆடாததால் மோசம் இல்லை என்பது தெரியவில்லை. எதிர்முனை சொன்ன வடிகட்டல் இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. பிடித்தவர்கள் மட்டும் தங்குவது ஒரு ஓட்டை என்றால், யாரும் உள்ளேயே போகாமல் ஒருமித்த கருத்து உருவாவது அதைவிடப் பெரிய ஓட்டை.

---

பட்டறைவிளக்கு

நான் சிறிய விளையாட்டுகள் செய்பவன். செய்பவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கருத்து தானாக உருவாவதில்லை. நாங்கள் அதற்கு வழி வெட்டுகிறோம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு சோதனைக் கட்டத்தில் இருந்தபோது ஒரு விதி இருந்தது. நீண்ட நேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும். ஆடியவர்கள் கடுமையாக வெறுத்தார்கள். குழு எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாற்றியது. ஓய்வெடுத்துவிட்டு வந்தால் 200 சதவீதம், ஓய்வு தீர்ந்தால் வழக்கமான 100 சதவீதம். கணக்கு ஒன்றுதான். முன்பு தண்டனையாக உணர்ந்தவர்கள் இப்போது பரிசாக உணர்ந்தார்கள். பயன்படுத்திய அனுபவம் ஒன்றாக இருந்தும், எந்தப் பக்கத்திலிருந்து அதற்குள் நுழைகிறோம் என்பது கருத்தை மாற்றிவிட்டது.

சிவிலைசேஷன் விளையாட்டைச் செய்த சிட் மையர் 2010-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் சொன்னதும் இதோடு சேரும். மூன்றுக்கு ஒன்று என்று தனக்குச் சாதகமாக இருக்கும் சண்டையில் தோற்றால், விளையாட்டு ஏமாற்றுகிறது என்று ஆடுபவர்கள் நினைக்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்று பாதகமாக இருந்து வென்றால் யாரும் குறை சொல்வதில்லை. ஃபயர் எம்ப்ளம் என்ற போர் உத்தி விளையாட்டுத் தொடரில், 2002-இல் வந்த பதிப்பு தொடங்கிப் பல பதிப்புகளில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதிலாக இரண்டை எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அடி படும் வாய்ப்பு திரையில் 90 என்று இருந்தால் உண்மையில் சுமார் 98 சதவீதம் அடி படும். ஆடுபவர் "90 என்றால் நம்பலாம்" என்று பழகிக்கொள்கிறார். அந்த நம்பிக்கை முழுக்கவும் பயன்பாட்டில் வந்ததுதான், ஆனால் உண்மையான 90 எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இதே மனிதர் வேறொரு விளையாட்டில் நேர்மையான 90-ஐச் சந்தித்தால் "இது பொய்" என்பார்.

போர்ட்டல் (2007) என்ற புதிர் விளையாட்டைச் செய்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரு பெட்டியை ஒரு மட்டம் (லெவல்) முழுவதும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சோதனையில் ஆடியவர்கள் அதை வழியில் விட்டுவிட்டார்கள். அதனால் பெட்டியின் மேல் இதயம் வரைந்தார்கள், அதைத் துணை என்று விளையாட்டில் ஆணையிடும் குரல் சொல்லும்படி செய்தார்கள். பெட்டி பேசாது, அசையாது. ஆனால் படிக்கட்டாக, கேடயமாக, பொத்தானை அழுத்தும் எடையாக எல்லாவற்றுக்கும் அதுதான் உதவும். கடைசியில் அதை நெருப்பில் போடச் சொல்லும்போது பலருக்குக் கை வரவில்லை. இதயம் வரைந்தது தொடக்கம் மட்டும்தான். அந்த மட்டம் முழுக்கப் பயன்பட்டதுதான் பாசத்தை உண்டாக்கியது என்பது என் கருத்து. ஓரமாக வைத்த பெட்டிக்கு இதயம் வரைந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் செய்த விளையாட்டில் கயிறு வீசித் தொங்கும் கருவி ஒன்று வைத்தேன். சோதித்தவர்களில் பாதிப் பேர் "இதை எடுத்துவிடுங்கள்" என்றார்கள். எடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தேன். அப்புறம் ஒருவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கருவியை அவர் முதன்முதலில் வீசியது ஒரு பள்ளத்தின் மேல், தவறினால் சாவு. தவறினார். மறுபடியும் தவறினார். அதன்பின் கயிறு தேவைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் சுற்றுவழி தேடினார். கருவியில் எதையும் மாற்றாமல், அது முதலில் கிடைக்கும் அறையில் பள்ளத்தை மூடித் தரை போட்டேன், தவறினால் எழுந்து மறுபடியும் வீசலாம். அடுத்த சோதனையில் எடுக்கச் சொன்னவர் யாரும் இல்லை. முதல் பழக்கம் எங்கே நடக்கிறது என்பதை நான் எண்ணியே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

---

எதிர்முனை

பட்டறைவிளக்கு, உங்கள் கயிறும் இலைநிழலின் சாம்பலும் என் வாதத்தைப் பாதி உடைத்துவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். தேர்வு மட்டும் காரணம் இல்லை.

ஆனால் பயன்படுத்தினாலும் எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லையே. பிரெத் ஆஃப் த வைல்டு (2017) என்ற சாகச விளையாட்டில் ஆயுதம் உடையும் விதியைப் பற்றி எத்தனை சண்டை. நானும் நூறு மணி நேரம் ஆடி வெறுத்தவன். நல்ல வாள் கிடைத்தால் பெரிய எதிரிக்காக எடுத்து வைப்பேன், பெரிய எதிரி வந்தால் இன்னும் பெரியவனுக்காக எடுத்து வைப்பேன், பை நிரம்பி வழியும், கையில் எப்போதும் மட்டமான குச்சி. அதே நூறு மணி நேரம் ஆடிய என் தங்கை அந்த விதியை ரசித்தாள். அவள் உடையப்போகும் ஆயுதத்தை எதிரிமேல் எறிந்துவிடுவாள். உடையும் அடிக்கு இரண்டு மடங்கு டேமேஜ் என்பது நான் அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதே விதி, அதே நேரம், இரண்டு பேரும் வேறு வேறு விளையாட்டை ஆடியிருக்கிறோம். 2023-இல் வந்த அடுத்த விளையாட்டிலும் ஆயுதம் உடைகிறது, ஆனால் கிடைத்ததையெல்லாம் ஆயுதத்தோடு ஒட்டலாம். பாறை ஒட்டிய குச்சியை யார் பத்திரப்படுத்துவார்கள்? அங்கே நானும் தங்கை மாதிரி ஆடினேன், விதியை வெறுக்கவில்லை.

எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கேட்டு என்ன பயன், எப்படிப் பயன்படுத்தினார் என்று கேட்க வேண்டும்.

---

தூரப்பார்வை

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பழக்கம் எப்போதும் விருப்பத்தில் முடிவதில்லை. மிக பலமான ஒரே உத்தியை வைத்து மொத்த விளையாட்டையும் முடித்தவர்கள் பலர் அந்த உத்தியையும் விளையாட்டையும் சேர்த்தே வெறுப்பதைப் பார்த்திருக்கிறேன். வென்றுகொண்டே இருப்பார்கள், சலிப்பும் கூடிக்கொண்டே போகும். கைகூடினால் பாசம் வரும் என்று மேலே சொன்னேன். கைகூடுவதற்கு முதலில் ஏதாவது எதிர்த்து நிற்க வேண்டும் போலிருக்கிறது.

---

கோடாரிக்கை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒதுக்கிய இன்னொரு ஆயுதம் ஹண்டிங் ஹார்ன், அடிக்கவும் செய்யும், பாட்டு ஊதி அணியின் பலத்தைக் கூட்டவும் செய்யும் கொம்பு. அதையும் அதே நாற்பது வேட்டை ஆடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். உழைப்புதான் கண்ணை மறைக்கிறது என்றால் இதுவும் எனக்குப் பிடித்துப்போக வேண்டும் இல்லையா?

பிடிக்கவில்லை. நாற்பதும் முடித்தேன். கைகூடவில்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று சுரங்களை எந்த வரிசையில் அடித்தால் எந்தப் பாட்டு வரும் என்று பட்டியல் பார்க்காமல் வந்துவிட்டது, விலங்கின் தலையில் அடித்துக்கொண்டே சுரம் சேர்க்கவும் முடிந்தது. ஆனால் எனக்கு வேட்டையில் வேண்டியது அந்த ஒரு நொடி, அடி வரும்போது சரியாகப் பதில் சொல்லும் நொடி. ஹார்னில் அது இல்லை. அங்கே எல்லாம் முன்கூட்டியே: அடுத்த இருபது விநாடிக்கு என்ன தேவை, எந்தப் பாட்டு தீரப்போகிறது, எப்போது நின்று ஊத இடைவெளி கிடைக்கும். திறமை வேண்டிய ஆயுதம்தான். என் கை தேடும் திறமை அது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு "அது வேலைக்காகாது" என்று நான் சொன்னபோது இதில் ஒரு சொல் கூட எனக்குத் தெரியாது.

எதிர்முனை சொன்னபடி மறுபக்கமும் உட்கார்ந்து பார்த்தேன். லாங் ஸ்வோர்டு ஆடும் இரண்டு பேரோடு நான் ஹார்ன் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வாளின் நீண்ட வீச்சில் மூன்று முறை ஊதும் அசைவு தடைபட்டது. இத்தனை வருடம் நான் எத்தனை பேரை அப்படித் தடுத்திருப்பேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இப்போது சார்ஜ் பிளேடுக்குத் திரும்பிவிட்டேன். நண்பன் ஹார்ன் ஆடுபவன். நேற்று வேட்டையின் நடுவில் திரையின் ஓரத்தில் தாக்குதல் கூடியதற்கான சிறு குறி வந்தது. அந்தக் குறி இத்தனை வருடமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன். திரும்பினால், விலங்கின் வாலுக்கு இரண்டடி தள்ளி அவன் நின்று ஊதிக்கொண்டிருந்தான். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கம் போனேன்.